காளியம்மாள் சொன்னதற்குப் பக்க எண்

இராஜாங்கம் பல்கலைக்கழகத்துக்குத் தர வேண்டியது நாலாயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டு ரூபாய். அவர் அங்கே படித்தவர் இல்லை. படித்தது அவர் மகள் இசைவாணி. தப்புச் செய்தது அவளும் இல்லையாம், அவளுடைய அம்மா காளியம்மாள்தானாம். நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது. காளியம்மாள் செத்து இரண்டு வருசத்துக்கு மேல் ஆகிறது.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற கடைமடையில் அவர்கள் வீடு. வாய்க்காலில் தண்ணீர் வருவதையும், நடவு நடும் பெண்கள் அந்தத் தண்ணீரைப் பற்றி வைத்திருக்கிற அறிவையும் பற்றி இசைவாணி ஆறு வருசம் ஆய்வு செய்தாள். அந்த ஆய்வேட்டில் நாற்பத்தோரு இடத்தில் 'காளியம்மாள் சொன்னது' என்று எழுதியிருந்தாள். நாற்பத்தோரு இடத்திலும் பதிப்பாண்டு இல்லை, வெளியீட்டாளர் இல்லை, பக்க எண் இல்லை. பிழை ஒன்றுக்கு நூறு ரூபாய் அபராதம், அதற்குப் பதினெட்டு ரூபாய் ஜிஎஸ்டி.

இராஜாங்கம் அந்தக் கணக்கை நாலு தடவை போட்டுப் பார்த்தார். எழுத்து அவருக்கு நாற்பது வயதில்தான் வந்தது. கணக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். கணக்கு சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பயத்தைக் கொடுத்தது. கணக்கில் ஒரு ரூபாய் கூடக் குறைய இருந்தால் சண்டை போடலாம். சரியாக இருக்கிற நோட்டீஸோடு என்ன சண்டை போடுவது?

நாற்பது நாளைக்குள் மேற்கோள்களைச் சரிசெய்து அபராதத்தையும் கட்டாவிட்டால் ஆய்வுப் பதிவு ரத்து என்று அடியில் இருந்தது. மன்னார்குடியில் ஒரு கல்லூரி இசைவாணிக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பட்டத்தோடு வந்தால் வேலை.

"அம்மா பேரை எடுத்துட்டா பத்து நிமிச வேலைப்பா," என்றாள் இசைவாணி. "ஆனா எடுக்க மாட்டேன்."

"எடுக்காத ஆயி."

அவளுக்குப் பட்டம் வேண்டும். அவருக்கு அந்தப் புத்தகத்தில் அந்தப் பெயர் வேண்டும். காளியம்மாள் பெயர் அதுவரை ரேஷன் அட்டையிலும் நூறு நாள் வேலை அட்டையிலும்தான் அச்சில் வந்திருந்தது. ரேஷன் அட்டையில் காளிமுத்து என்று போட்டு, ஆண் என்றும் போட்டுவிட்டார்கள். ஆய்வேட்டில்தான் சரியாக வந்திருந்தது, நாற்பத்தோரு தடவை. எழுத்துக் கூட்டி அவர் எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறார்.

'ஆதாரம் அல்லது ஆதாரத்தின் சட்டபூர்வப் பிரதிநிதி நேரில் வரவும்' என்று நோட்டீஸ் சொன்னது. ஆதாரம் வர முடியாது. அதனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிரதிநிதி பஸ் ஏறினார்.

வளநாட்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தஞ்சாவூருக்கு வெளியே புறவழிச்சாலையை ஒட்டி இருந்தது. அங்கே நூலகம் ஒரு அறை. மேற்கோள் ஒழுங்குமுறைப் பிரிவு ஒரு முழு மாடி. பிரிவின் தலைவர் சிங்காரவேலு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமுள்ள கையேடு ஒன்றை மேசைமேல் வைத்திருந்தார். அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. தூசி படக்கூடாதாம்.

"உக்காருங்க பெரியவரே. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். உங்க வீட்டம்மா சொன்னது உண்மையா பொய்யான்னு நாங்க கேக்கவே இல்லை. அது எங்க வேலையும் இல்லை. இருபத்திரண்டு வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு ஆய்வேட்டைக்கூடப் படிச்சது கிடையாது, பெருமையாவே சொல்றேன். படிச்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். நான் கடைசிப் பக்கங்களை மட்டும்தான் பாப்பேன். பேருக்கு அப்புறம் காற்புள்ளி. வருசத்துக்கு அடைப்புக்குறி. தலைப்புக்குச் சாய்வெழுத்து. காவேரி மேற்க ஓடுதுன்னு ஒருத்தன் எழுதட்டுமே! காற்புள்ளி சரியா இருந்தா கையெழுத்துப் போட்டுருவேன்."

"சரிங்க சார்," என்றார் இராஜாங்கம்.

சிங்காரவேலு ஒரு படிவத்தை எடுத்தார். பக்கத்து மேசையில் லத்தீஃபா என்ற பெண் கணினியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பதிப்பாண்டு?"

"பொறந்த வருசங்களா?"

"சொன்ன வருசம்."

"வருசா வருசம் சொல்லுவா சார். தண்ணி வர்றப்பல்லாம் சொல்லுவா."

"அப்ப மறுபதிப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னாங்களா, மாத்திச் சொன்னாங்களா?"

இராஜாங்கம் நேர்மையாக யோசித்தார். "மேல்மடைக்காரங்க வாய்க்காலை அடைச்ச வருசத்துல மட்டும் கொஞ்சம் கெட்ட வார்த்தை சேத்துச் சொன்னா."

"திருத்தி விரிவாக்கிய மறுபதிப்பு," என்றார் சிங்காரவேலு. லத்தீஃபா தட்டினாள். "பதிப்பிடம்?"

"சேத்துக்குள்ள நின்னு சொன்னது சார்."

"சேறு எந்த மாவட்டம்?"

"தஞ்சாவூருதாங்க."

"வெளியிட்டவர்?"

"அவளேதான். அவ வாயை வேற யாரு தொறக்கிறது?"

லத்தீஃபா முகத்தைக் கணினிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிங்காரவேலு சிரிக்கவில்லை. ஒரு மேற்கோளை எடுத்து விரலால் தட்டினார்.

"இதைப் பாருங்க. 'வாய்க்கால்ல முதல்ல சருகு வரும், அப்புறம் நுரை வரும், அப்புறம்தான் தண்ணி. நுரை வெரல்ல ஒட்டுச்சுன்னா மேல யாரோ அடைச்சிருக்கான்.' எந்த வெரல்? சொல்லலை. எந்தப் பக்கம்? சொல்லலை. ஒரு மனுசன் இதை எப்படிப் போய்ச் சரிபாக்கிறது?"

"வாய்க்காலுக்குப் போனா பாக்கலாம் சார்."

"வாய்க்காலுக்கு ஏதுங்க பக்க எண்?"

ஐம்பது வருசமாக அந்த வாய்க்காலில் கால் நனைத்தவர் இராஜாங்கம். அப்படி ஒரு குறை அதற்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆதாரம் இறந்துபோனதால் ஒன்பது-ஆ படிவம் வேண்டும் என்றார் சிங்காரவேலு. அதோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். காளியம்மாளின் வார்த்தைகளுக்கு யார் வாரிசு என்று அரசாங்கம் சொல்ல வேண்டும்.

தாலுகா ஆபீஸில் இருந்த எழுத்தர் கேட்டார்: "எதுக்கு வாரிசு? நிலமா, வீடா, பேங்குல பணமா?"

"அவ சொன்னதுக்குங்க."

"யாருகிட்ட சொன்னது?"

"எல்லார்கிட்டயும்தான்."

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இராஜாங்கம் பல்கலைக்கழக நோட்டீஸை நீட்டினார். அதிலிருந்த முத்திரையைப் பார்த்ததும் எழுத்தருக்கு மரியாதை வந்துவிட்டது. "அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?"

"மக எழுதி எடுத்துக்கிட்டு தஞ்சாவூர் வரைக்கும் போயிட்டாங்க. அசையும்னுதான் நெனைக்கிறேன்."

'இதர அசையும் சொத்து, 41 உருப்படி' என்று எழுத்தர் எழுதினார். "மதிப்பு?"

"நடவுக்குத்தான் சார் கூலி வாங்குவா. சொன்னதுக்கு யாரும் குடுத்ததில்லை."

"அப்ப சைபர்."

சைபர் மதிப்புள்ள சொத்து என்பதால் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. சான்றிதழ் நாலே நடையில் வந்தது. நாலு நாள் கூலி போயிற்று.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி பல்கலைக்கழகம் போனபோது சிங்காரவேலு சாப்பிடப் போயிருந்தார். லத்தீஃபா மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, எத்தனை சான்றிதழ் குடுத்தாலும் பக்க எண் இல்லாம அவர் விடமாட்டார். கையேட்டுல கைப்பிரதின்னு ஒரு பிரிவு இருக்கு. ஒரு நோட்டு வாங்கி, அம்மா சொன்னதையெல்லாம் நீங்களே எழுதிப் பக்கம் போட்டுக் கொண்டாங்க. நோட்டுல இருந்தா அது நூலுதான்."

"என் எழுத்து கோணலா இருக்கும்மா."

"கோணலுக்கு அபராதம் கிடையாதுங்க. நான் பாத்துட்டேன்."

இராஜாங்கம் நூற்று இருபது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். வேலை இல்லாத பகலில் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து எழுதினார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு பக்கம். மகள் எழுதியதைப் பார்த்து எழுதுவது என்றுதான் ஆரம்பித்தார். இரண்டாம் நாளே அது தேவைப்படவில்லை. 'கூலியைக் கொறச்சா நாத்துக்கு நாத்து எடவெளி தானா அகலும்' என்று எழுதும்போது, எந்த வயலில், எந்தப் பண்ணையாரைப் பார்த்து அதைச் சொன்னாள், அதற்கு மற்ற பெண்கள் எப்படிச் சிரித்தார்கள் என்பதெல்லாம் வந்து முன்னால் நின்றது. கேட்ட பண்ணையார் ஐந்து ரூபாய் ஏற்றிக் கொடுத்தார். 'மொதத் தண்ணி நெலம் குடிக்கிற தண்ணி, அதுல நடாத' என்று எழுத ஒரு முழுப் பகல் ஆயிற்று. எழுத்துத் தெரியாமல் இல்லை. அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால் அதை முந்தி எழுத மனசு வரவில்லை.

பன்னிரண்டு நாளில் நாற்பத்தொன்றும் முடிந்தது. அப்புறம் நாற்பத்திரண்டாவதாக ஒன்று எழுதினார். அது ஆய்வேட்டில் இல்லை. ஐப்பசியில் காய்ச்சல் கண்டு தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைசி நாள் காலையில் அவள் சொன்னது: 'நாத்து மிச்சம் கெடக்கு. காயறதுக்குள்ள யாரையாச்சும் எடுத்துக்கச் சொல்லுங்க.' அவரைத் தவிர அதைக் கேட்டவர் யாரும் இல்லை.

எழுதி முடித்ததும் பக்கம் போட்டார். தப்பு அங்கேதான் நடந்தது.

களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்று சொல்லிவிட்டு, அடுத்ததை இரண்டு என்பார்கள். இராஜாங்கம் முப்பது வருசம் களத்தில் அளந்தவர். அவர் கை அப்படித்தான் எண்ணும். முதல் பக்கத்தின் மூலையில் 'லாபம்' என்று எழுதினார். அடுத்த பக்கத்தில் 2, அதற்கடுத்து 3. கடைசிப் பக்கம் 42.

சிங்காரவேலு நோட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, வாக்கியங்கள் எதையும் படிக்காமல் மூலைகளை மட்டும் புரட்டினார்.

"ஒண்ணாம் பக்கம் எங்க?"

"அதுதான் சார் மொதப் பக்கம். லாபம்னு போட்டிருக்கேன்."

"ஒண்ணு எங்கன்னு கேக்கறேன்."

"ஒண்ணுன்னு சொல்றதில்லைங்க. களத்துல—"

"களம் எனக்குத் தெரியாது. இந்த நூல் இரண்டாம் பக்கத்துல ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி எண் இல்லாத தாள் ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. ஒண்ணாம் பக்கம் காணோம். காணாமப் போன பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லை சார்."

"இல்லைன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

முடியாது என்று ஒத்துக்கொண்டார் இராஜாங்கம். சிங்காரவேலு துண்டை விலக்கிக் கையேட்டைத் திறந்தார். குறைப்பிரதி வந்தால் முழுப்பிரதி உலகத்தில் எங்கே இருக்கிறது என்று ஒப்புமைக் கருவியில் தேட வேண்டும், நூற்றுப் பதினாலாம் விதி. லத்தீஃபா பாதி மனசோடு நோட்டு முழுவதையும் தட்டிக் கருவிக்குக் கொடுத்தாள். திரையில் ஒரு நீலக்கோடு பதினோரு நிமிசம் ஊர்ந்தது.

முடிவைப் பார்த்ததும் லத்தீஃபா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். சிங்காரவேலுதான் சத்தமாகப் படித்தார்.

"தொண்ணூத்தேழு புள்ளி ஆறு சதவீதம் ஒப்புமை! கிடைச்சிருச்சு பெரியவரே, முழுப்பிரதி கிடைச்சிருச்சு. 'கடைமடை நீரியல்: சில புதிய கண்டுபிடிப்புகள்.' முனைவர் மதிவாணன். பதினாலாம் பக்கத்துலேருந்து இருபத்தொன்பது வரைக்கும். ஆகா, காற்புள்ளியெல்லாம் என்ன அழகா இருக்கு பாருங்க!"

மதிவாணன் இசைவாணியின் வழிகாட்டிப் பேராசிரியர். மாணவர்கள் ஊரில் கேட்டு எழுதிய குறிப்புகளை வழிகாட்டியிடம் கொடுப்பது வழக்கம். அவர் அதைப் படிப்பது வழக்கம். படித்ததைத் தன் பெயரில் கட்டுரையாகப் போடுவதும் வழக்கம்தான். அதை வழக்கம் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு பழகிவிட்டது.

"அதெல்லாம் காளியம்மா சொன்னதுங்க," என்றார் இராஜாங்கம்.

"காளியம்மாள் அந்தக் கட்டுரையிலேருந்து எடுத்துச் சொல்லியிருக்காங்க. கருவி அப்படித்தான் சொல்லுது. எழுத்துத் திருட்டு."

"கட்டுரை எப்ப சார் வந்துச்சு?"

"போன தை மாசம்."

"அவ செத்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. சான்றிதழ் உங்ககிட்டயே குடுத்திருக்கேன்."

"குடுத்தீங்க. நான் மறுக்கலையே. ஆனா படிவத்துல அச்சில் வந்த தேதிக்குத்தான் கட்டம் இருக்கு. சொன்ன தேதிக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத தேதியை நான் எங்க எழுதறது?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இன்னொண்ணு. மிச்சம் ரெண்டு புள்ளி நாலு சதவீதம் இருக்கே, நாத்து மிச்சம் கெடக்குன்னு, அது எந்தக் கட்டுரையிலயும் இல்லை. ஆதாரமில்லாத கூற்று. அதை அடிச்சிடறேன்."

சிவப்பு மையில் ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். கோணலாக அடிக்கிற ஆள் இல்லை அவர்.

நாற்பதாம் நாள் வந்தது. நாலு மணிக்குள் ஆய்வேடு உள்ளே போக வேண்டும். இசைவாணியும் வந்திருந்தாள். மதிவாணன் சால்வையோடு வந்தார். ஏதோ விழாவிலிருந்து நேராக வந்ததாகச் சொன்னார்.

"எனக்கு யார்மேலயும் கோபம் இல்லைம்மா," என்று ஆரம்பித்தார். "நான் புகார் குடுக்கப் போறதும் இல்லை. படிக்காத ஒரு தாய், சேத்துல நின்னுக்கிட்டு, வரிக்கு வரி என்னை மாதிரியே சிந்திச்சிருக்காங்கன்னா அது எனக்குப் பெருமைதானே? எல்லா மேடையிலயும் நான் சொல்றது இதுதான். மண்ணோட மக்கள்கிட்ட அறிவு கொட்டிக் கிடக்கு. நாம குனிஞ்சு எடுத்துக்கணும்."

"சார், அம்மா சொன்னதை எழுதின என் நோட்டை நான்தான் உங்ககிட்ட குடுத்தேன்," என்றாள் இசைவாணி. "மூணு வருசம் முன்னாடி. உங்க வீட்டு வாசல்ல வச்சு."

"குடுத்ததுக்கு மேற்கோள் ஏதாவது இருக்காம்மா?"

சிங்காரவேலு இடையில் வந்து நல்லது சொன்னார். நாற்பத்தோரு இடத்திலும் காளியம்மாள் என்று இருப்பதை எடுத்துவிட்டு மதிவாணன், ஆண்டு, பக்கம் என்று போட்டால் எல்லாம் விதிப்படி ஆகிவிடும். பிழையே இல்லை என்றால் அபராதமும் இல்லை. இறந்த ஆதாரத்தின் மீதுள்ள திருட்டுக் குற்றமும் போய்விடும். வாரிசு மட்டும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"பட்டமே வேணாம்ப்பா. வாங்க போவலாம்," என்று இசைவாணி பையை எடுத்தாள்.

இராஜாங்கம் எழுந்திருக்கவில்லை. மகளின் கையைப் பார்த்தார். பேனா பிடித்த விரலில் காய்ப்பு இருந்தது. வேறு காய்ப்பு எதுவும் அந்தக் கையில் இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்றுதான் ஒருத்தி முதுகை வளைத்தாள். இந்த நேரத்தில் அவள் இருந்தால் என்ன சொல்லுவாள் என்று யோசித்துப் பார்த்தார். நாற்பத்திரண்டு வாக்கியங்களில் இதற்கு எதுவும் இல்லை.

"எங்க போடணும் சார்?" என்றார்.

"அப்பா!"

"நீ வெளிய இரு ஆயி. எனக்கு எழுத நேரமாவும்."

ஒரு கையெழுத்துப் போதாதாம். நாற்பத்தோரு இடத்திலும் பெயரை அடித்து, பக்கத்தில் வாரிசு கையெழுத்துப் போட வேண்டும். இராஜாங்கம் ஒவ்வொரு இடத்திலும் முதலில் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். அப்புறம் அடித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். மதிவாணன் பத்தாவதுக்குள் கிளம்பிவிட்டார், வேறொரு விழா இருந்தது. முடியும்போது மணி நாலரை. அரை மணி நேரம் பிரிவைத் திறந்து வைத்ததைக் கருணை என்ற தலைப்பில் சிங்காரவேலு பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

லத்தீஃபா சீட்டை அச்சடித்து எடுத்தாள். இராஜாங்கத்தின் முகத்தைப் பார்க்காமல், இரண்டு கையாலும் கொடுத்தாள். சிங்காரவேலு அதில் முத்திரை குத்தினார்.

"நாலாயிரத்து எண்ணூத்து முப்பத்தெட்டும் தள்ளுபடி. ஒரு பைசா தர வேண்டியதில்லை. போயிட்டு வாங்க."

இராஜாங்கம் நின்றார். "சார், அவ திருடிட்டான்னு எழுதினீங்களே. அது?"

"அதுவும் போச்சுங்க. மன்னிச்சாச்சு."

"நல்லதுங்க," என்று அவர் கும்பிட்டார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

கீழே வேப்பமரத்தடியில் இசைவாணி நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"கடன் இல்லையாம். அம்மாவை மன்னிச்சுட்டாங்களாம்."